பழைய வகுப்பைத் தேடி ஆறு நாள்

முதல் நாள்: இரவு ரயிலில்

மேல் படுக்கை. பெட்டியில் விளக்கை அணைத்துவிட்டார்கள். கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் பத்தாம் வகுப்புக்காரர்கள் எல்லாரும் பள்ளியில் கூடுகிறோம். முடித்து 32 வருடம் ஆகிறது. நாங்கள் உட்கார்ந்து படித்த பழைய கட்டடத்தை இந்த விடுமுறையில் இடிக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை அந்த அறையில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமைக்குத் திங்கட்கிழமையே எதற்குக் கிளம்புகிறீர்கள் என்று வீட்டில் கேட்டார்கள். காரணம் இருக்கிறது.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பள்ளிக்கூடப் பேச்சு எடுத்தாலே மூன்று கதைதான் வரும். காற்றில் கூரை ஓடு பறந்த நாள், ஆய்வாளர் வந்த நாள், ஆய்வகத்தில் புகை கிளம்பிய நாள். சொல்பவர்களும் அதே நாலு பேர். நானும் அந்த நாலில் ஒருவன். ஒருவர் ஓட்டுக் கதையை எடுத்தால் மற்ற எல்லாரும் அதற்குள் போய்விடுகிறோம். நாற்பது பேர் ஐந்து வருடம் ஒரே இடத்தில் இருந்திருக்கிறோம், அதில் மிஞ்சியது மூன்று நாளா?

1997-ல் வெல்டன், பெலிஞ்சர் என்ற இருவர் செய்த ஆய்வு ஒன்றைப் பற்றிப் போன மாதம் படித்தேன். மூன்று பேரைச் சேர்த்து உட்காரவைத்து, பார்த்ததை ஞாபகப்படுத்தச் சொன்னார்கள். வேறு மூன்று பேரைத் தனித்தனியே எழுதச் சொல்லி, பிறகு மூன்று தாளையும் சேர்த்துப் பார்த்தார்கள். தனித்தனியே எழுதியவர்களின் கணக்குத்தான் கூடுதலாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஞாபகத்துக்குள் போவதற்கு ஒரு தனி வழி இருக்கிறது, பக்கத்தில் இருப்பவர் வேறு எதையோ சொன்னதும் அந்த வழி அறுந்துபோகிறது என்று அதற்குக் காரணம் சொல்கிறார்கள். எங்கள் குழுவில் தினமும் நடப்பது இதுதான் என்று எனக்குப் பட்டது. அதனால்தான் கூட்டத்துக்கு முன்னால் சிலரை அவரவர் வீட்டில் தனியாகப் பார்க்கக் கிளம்பியிருக்கிறேன். வகுப்பில் படித்த மூன்று பேர், ஒரு டீச்சர், கடைசியில் பள்ளிக்கூடம். அவர்கள் கூடத்தில் உட்கார்ந்து என்னிடம் சொல்லப் போவது அவர்களுடையது. ஆகவே யார் பெயரையும் ஊரையும் இங்கே எழுதப் போவதில்லை.

கையில் ஒரு நோட்டு, ஒரு வகுப்புப் படம். கடைசி மாதத்தில் எடுத்த குரூப் போட்டோ. நாலு வரிசை, 41 பேர்.

படத்தைப் பார்ப்பதற்கு முன் என்னையே ஒரு தடவை சோதித்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் யோசித்து எழுதியதில் 19 பெயர்தான் வந்தது. அப்புறம் படத்தை எடுத்து விரித்தால், முகத்தைப் பார்க்கப் பார்க்கப் பெயர் தானாக வருகிறது: 37. இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. ஹாரி பாரிக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1975-ல் வெளியிட்ட ஆய்வில், 17 வயதிலிருந்து 74 வயது வரை 392 பேரிடம் அவரவர் பள்ளி ஆண்டு மலர்ப் படங்களை வைத்துச் சோதித்தார்கள். பள்ளியை விட்டு முப்பது வருடம் தாண்டியவர்களும் பத்தில் ஒன்பது முகங்களைச் சரியாக அடையாளம் காட்டினார்கள். ஆனால் படம் இல்லாமல் பெயர்களை எழுதச் சொன்னால் பலருக்குக் கை ஓடவில்லை. உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் பிடி வேண்டும். அந்தப் பிடிதான் இப்போது என் பையில் இருக்கிறது.

தூங்க வேண்டும். விடிந்தால் கடற்கரை ஊர்.

இரண்டாம் நாள்: கடற்கரை ஊர்

ஸ்டேஷனிலிருந்து இறங்கி நடந்தே போனேன். தெரு முடிகிற இடத்தில் கடல் தெரிந்தது. எங்கள் வகுப்பு லீடர் இங்கே படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். கிரீஸ் கையோடு வந்து கட்டிப்பிடித்தான். சட்டையில் இரண்டு கைத்தடம், துவைத்தாலும் போகாது என்றான். போகவே வேண்டாம்.

அவனை வைத்துத்தான் என் விதியை முதலில் சோதித்தேன். படம் கிடையாது, கேள்வி கிடையாது, நீயே சொல். இரண்டு மணி நேரம் பேசினான். காலை அசெம்பிளியில் கொடிக்கயிறு சிக்கிக்கொண்டபோது கம்பத்தில் ஏறியது, சாவிக்கொத்தைத் தொலைத்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தது, பத்துப் பைசா பெறாத விஷயத்துக்கு இரண்டு பேர் ஒரு வருடம் பேசாமல் இருந்தது. ஓட்டுக் கதை வரவே இல்லை! அந்த நாளில் அவன் விடுப்பாம். குழுவில் எல்லாரும் அந்தக் கதையைப் பேசும்போது தானும் இருந்த மாதிரிச் சிரிக்கும் குறி போடுவானாம்.

நடுவில் "நாம நாற்பத்திரண்டு பேர்டா, நான்தானே தினம் எண்ணி போர்டு மூலையில எழுதுவேன்" என்றான். படத்தில் எண்ணிப் பார்த்துவிட்டு 41 என்று திருத்தினேன். சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

மதியம் ஒரு சின்ன விஷயம் நடந்தது. கணக்கில் தான் தொண்ணூறுக்குக் குறைந்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மனைவி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து வைத்தார். மதிப்பெண் பட்டியல். கணக்கு 67. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பேசவே இல்லை.

அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். பாரிக் 1996-ல் இன்னொரு ஆய்வும் செய்திருக்கிறார். 99 கல்லூரி மாணவர்களிடம் அவர்கள் பள்ளியில் வாங்கிய தரங்களைக் கேட்டு, பள்ளிப் பதிவேட்டோடு ஒப்பிட்டார். மொத்தம் 3,220 தரங்கள். அவற்றில் 71 சதவீதம் சரி. 'ஏ' வாங்கியதில் 89 சதவீதத்தைச் சரியாகச் சொன்னவர்கள், 'டி' வாங்கியதில் 29 சதவீதத்தைத்தான் சரியாகச் சொன்னார்கள். தவறு பெரும்பாலும் மேல்நோக்கியே போகிறது. அவர்கள் கல்லூரியில் இருந்தவர்கள், பள்ளியை விட்டுச் சில வருடம்தான். இவனுக்கு 32 வருடம். இதை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ அந்த வருஷம் நான் வேற ஏதோ ஒண்ணுல நல்லா இருந்திருக்கணும்" என்றான். "இருந்தேடா. நாற்பது பேருக்குச் சண்டை விலக்கி விட்டே" என்றேன். அது உண்மை.

சாயங்காலம் பட்டறை வாசலில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தோம். எல்லாரையும் அடையாளம் சொன்னான்.

மூன்றாம் நாள்: மலை

பஸ் ஐந்து மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் வளைவு மேல் வளைவு. காது அடைத்துக்கொண்டது. மேலே வந்ததும் மூடுபனி. எதிரே வந்த லாரியின் விளக்கு மட்டும் தெரிந்தது, லாரி தெரியவில்லை.

இன்றைக்கு நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். அவனிடமே கேட்டேன். எழுது என்றான்.

கடைசி பெஞ்சில் இருந்தவன். இப்போது மரக்கன்று வளர்க்கும் நாற்றங்காலில் வேலை. குழுவில் இருக்கிறான், ஆனால் சத்தத்தை அணைத்து வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டான்.

இவனைப் பற்றி எங்களிடம் ஒரு கதை உண்டு. குழுவில் நானே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். இவனுக்கு இடது கைப் பழக்கம். ஒரு ஆசிரியர் இவனைப் போர்டுக்குக் கூப்பிட்டு வலது கையால் எழுதச் சொன்னார். எழுத்து கோணல்மாணலாகப் போனது, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எங்களுக்கு அது ஒரு சந்தோஷமான மத்தியானம்.

அவன் சொன்ன கதையில் அது ஒரு மத்தியானம் இல்லை, ஒரு வருடம். இடது கையில் பேனாவைப் பிடித்தால் ஸ்கேலின் ஓரத்தால் விரல் முட்டியில் அடி விழும். தினமும் இல்லை, எப்போது என்று தெரியாது, அதுதான் கொடுமை என்றான். அடியைவிட இன்னொன்றைச் சொன்னான். "போர்டுல எழுதிட்டுத் திரும்பினேன். முதல் வரிசையில நீ சிரிச்சுட்டிருந்தே. எனக்கு மூஞ்சி ஞாபகம் இருக்கறது உன்னோடது மட்டும்தான்."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் சிரித்தது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. அது இன்னொருவன் உள்ளே இத்தனை வருடம் இருந்தது என்பதுதான் தெரியாது. மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையசைத்தான். ஏற்றுக்கொண்டானா என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

நல்ல நினைவோடு ஒட்டிய மகிழ்ச்சியைவிட, கெட்ட நினைவோடு ஒட்டிய வேதனை வேகமாக மங்குகிறது என்று வாக்கர், ஸ்கோவ்ரான்ஸ்கி, தாம்சன் என்ற மூவர் 2003-ல் எழுதியிருக்கிறார்கள். பொதுவாக அப்படித்தான் நடக்கிறதாம். பழைய மாணவர் கூட்டங்கள் எல்லாம் இவ்வளவு இனிப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் பொதுவாக என்ற சொல்லுக்கு வெளியே சில பேர் நிற்கிறார்கள். அவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை, அதனால் கூட்டத்தில் அவர்கள் கதை வருவதில்லை. வந்தவர்கள் பேசியதே பள்ளிக்கூடத்தின் கதை ஆகிவிடுகிறது.

பிறகு நாற்றுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று எழுந்தான். கூடப் போனேன். பூவாளியை இடது கையில் பிடித்து, வரிசை வரிசையாக, ஒரு சொட்டு வெளியே விழாமல் ஊற்றிக்கொண்டே போனான். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை செய்துகொண்டே பேசினான். "அரைப் பரீட்சைக்கு அப்புறம் எனக்குப் பக்கத்துல யாரும் இல்ல. பெஞ்சு முழுக்க எனக்குத்தான்." தனிமையைச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

இருட்டுவதற்குள் படத்தைக் காட்டினேன். இதில் யாரையெல்லாம் தெரிகிறது என்று கேட்டேன். ஒரு தடுமாற்றம் இல்லாமல் விரலை வைத்து வைத்து 41 பெயரையும் சொன்னான். முடித்த பிறகும் படத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தான். "இவ்வளவுதானா?" என்றான். "ஆமா, இவ்வளவுதான்" என்றேன்.

அவன் வீட்டில்தான் படுத்திருக்கிறேன். கம்பளி இரண்டு கொடுத்திருக்கிறான்.

நான்காம் நாள்: நகரம்

விடியற்காலை பஸ், பிறகு ரயில், பிறகு நாலு மாடிப் படி. லிஃப்ட் வேலை செய்யவில்லை.

இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர். இப்போது ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறார். இரவுப் பணி முடித்துவிட்டு எனக்காகத் தூங்காமல் காத்திருந்தார். வகுப்பில் இவர் பேசி நான் கேட்டதே இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். "பேசுவேனே, உங்க பக்கம் திரும்பிப் பேச மாட்டேன், அவ்வளவுதான்" என்றார்.

முதலில் வந்த ஞாபகம் என்ன என்று கேட்டேன். தண்ணீர் என்றார். எனக்குப் புரியவில்லை.

"நான் ஐந்து வருஷம் பள்ளிக்கூடத்துல தண்ணி குடிச்சதில்லை. நாங்க யாருமே குடிச்சதில்லை. பெண்களுக்கு இருந்த ஒரே கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. காலையில வீட்டுல இருந்து கிளம்பினா சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான். வெயில் காலத்துல தலைவலி வரும், கண்ணு இருட்டும். உடற்பயிற்சி வகுப்புல ரெண்டு பேர் மயங்கி விழுந்தாங்க, ஞாபகம் இருக்கா? நீங்க எல்லாரும் வெயில்னு நினைச்சீங்க."

மயங்கி விழுந்தது ஞாபகம் இருக்கிறது. வெயில் என்றுதான் இன்று காலை வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே அறை, ஒரே மணி, ஒரே பாடம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கதவில் தாழ்ப்பாள் இல்லை என்பது வகுப்பில் பாதிப் பேரின் முழு நாளையும் தீர்மானித்திருக்கிறது, மீதிப் பாதிக்கு அது தெரியவே இல்லை. பெண்கள் ஒருவருக்குக் காவலாக இன்னொருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு முறை போட்டு வைத்திருந்தார்களாம். அந்த முறையில்தான் அவர்களுடைய நட்பெல்லாம் வளர்ந்தது. யார் பொறுமையாகப் பிடிப்பாள், யார் பாதியில் விட்டுவிட்டு ஓடுவாள் என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கசப்பு இல்லை. கதவைப் பிடித்து நின்றவர்களில் மூன்று பேரோடு வாரம் ஒரு தடவை இன்றும் பேசுகிறார். இடிக்கப் போகும் கட்டடத்தைப் பற்றிக் கேட்டபோது, புதிதாகக் கட்டுவதில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை தானே போய்ப் பார்க்கப் போவதாகச் சொன்னார்.

கிளம்புகிற நேரத்தில்தான் அது நடந்தது. எத்தனை பெயர் ஞாபகம் இருக்கிறது என்று சும்மா கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எங்கள் கணக்கு டீச்சரின் குரலில், அதே இழுப்போடு, அதே வேகத்தோடு வருகைப் பதிவை ஒப்பிக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் இல்லை, வெறும் பெயர்கள், இனிஷியலோடு. எனக்கு முதுகு சிலிர்த்தது. இவர் எண் கடைசி எண். தன் முறை வருவதற்குத் தினமும் முழுப் பட்டியலையும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தவர்.

பாரிக்கின் ஆய்வுதான் மறுபடியும் ஞாபகம் வந்தது. 1984-ல் வந்தது. பள்ளி, கல்லூரியில் ஸ்பானிஷ் மொழி படித்தவர்கள் 733 பேரை 50 வருட இடைவெளி வரை சோதித்துப் பார்த்தார். முதல் மூன்று முதல் ஆறு வருடங்களில் நிறைய மறந்துபோகிறது. அதைத் தாண்டி மிஞ்சியது அப்படியே முப்பது வருடம் வரை இறுகி நிற்கிறது. உறைநிலம் மாதிரி உறைந்த ஞாபகம் என்ற பொருளில் அவர் அதற்கு ஒரு பெயரே வைத்தார், பெர்மாஸ்டோர் என்று. இவர் உள்ளே உறைந்திருப்பது எங்கள் வகுப்பு.

இருபத்திரண்டு பெயர் வந்தது. அடுத்து ஒரு மூச்சு நின்றார். ஒரு பெயர் சொல்லும் அளவுக்கு இடைவெளி. பிறகு மறுபடி ஓட்டம், கடைசியாகத் தன் பெயர்.

நான் விரல்விட்டு எண்ணியிருந்தேன். 41 பெயர். நடுவில் ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன்.

அவருக்கே தெரியவில்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். அதே இடத்தில் அதே நிறுத்தம். "அங்க டீச்சர் நிறுத்துவாங்க. பேனா கீழ வரும், ஒரு நிமிஷம் யோசிப்பாங்க, அப்புறம் அடுத்த பேர் வரும்." அவர் எண் 42. படத்தில் இருப்பது 41 பேர். அப்படியானால் 23 யார்?

இருவரும் படத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பெயர் வரவில்லை, முகம் வரவில்லை. கடற்கரையில் லீடர் 42 என்று சொன்னதும், நான் திருத்தியதும் அப்போதுதான் உறைத்தது.

ஐந்தாம் நாள்: ஆற்றைத் தாண்டி

டீச்சர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். பாலம் சுற்றிப் போனால் ஒன்றரை மணி நேரம் என்றார்கள், படகில் பத்து நிமிடம். படகுக்காரர் என் நோட்டு நனையாமல் இருக்கத் தன் துண்டைக் கொடுத்தார்.

எண்பது தாண்டிவிட்டது. பார்வை மங்கல். என்னை எங்களுக்கு நாலு வருடம் முன்னால் படித்த வேறொருவன் என்று நினைத்து அவனுடைய அம்மாவின் மூட்டுவலியை விசாரித்தார். திருத்தியும் அதே இடத்துக்கு வந்துவிட்டார். எத்தனை வகுப்பு, எத்தனை ஆயிரம் பிள்ளைகள். அதனால் அதிகம் எதிர்பார்க்காமல்தான் கேட்டேன். "டீச்சர், எங்க வகுப்புல 23-ம் நம்பர் யாரு?"

உடனே சொன்னார். இனிஷியலோடு, முழுப் பெயர்.

"பேர் அடிச்சவங்களை மறக்க முடியாதுப்பா. சிவப்பு மையில கோடு போட்டது என் கைதானே."

அரைப் பரீட்சை முடிந்து பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. அப்பா வேலையில் விழுந்து அடிபட்டுப் படுத்துவிட்டார். டீச்சர் இரண்டு தடவை வீட்டுக்குப் போயிருக்கிறார். முதல் தடவை அவன் அம்மா அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்றார். இரண்டாம் தடவை வீடு பூட்டியிருந்தது. ஒரு மாதம் 'வரவில்லை' என்று போட்டுக்கொண்டே இருந்தார், கோடு போட மனம் வரவில்லை. பிறகு தலைமை அலுவலகத்தில் கேட்டார்கள், போட்டார். போட்ட பிறகும் அந்த வரியில் பேனா நின்றுபோகுமாம். "தினமும் நிக்கும்" என்றார்.

யார் பக்கத்தில் உட்கார்ந்தான் என்று கேட்டேன்.

"கடைசி பெஞ்சு. அந்த இடது கைப் பையன் பக்கத்துல. அவனுக்குப் போர்டு சரியாத் தெரியாது. இவன்தான் எல்லாத்தையும் பார்த்து எழுதித் தருவான்."

திரும்பும்போது படகில் நோட்டைப் பிரித்து மலையில் எழுதிய பக்கத்தை வாசித்தேன். 'அரைப் பரீட்சைக்கு அப்புறம் எனக்குப் பக்கத்துல யாரும் இல்ல.' அதற்குக் கீழே என் கையெழுத்தில்: தனிமை.

அவன் ஒரு தேதியைச் சொல்லியிருக்கிறான். நான் அதை ஒரு மனநிலையாக எழுதிவைத்திருக்கிறேன்.

இங்கே ஒரு ஆய்வைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் என் வழிமுறையில் இருந்த தவறு அதில் இருக்கிறது. 1968-ல் நார்மன் ஸ்லமெக்கா கண்டது: ஒரு பட்டியலைப் படித்தவர்களுக்கு அதில் சிலவற்றை நினைவூட்டலாகக் கொடுத்தால், மீதி இன்னும் நன்றாக நினைவுக்கு வரும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது தலைகீழ். கொடுத்தவை முன்னால் வந்து நின்று, மீதியை மறைத்துவிடுகின்றன. பிடி என்று நம்பி நான் தூக்கிக்கொண்டு அலைந்த குரூப் போட்டோ அந்த வேலையைத்தான் செய்திருக்கிறது. அதில் இருந்த 41 பேரும் எல்லாருக்கும் ஞாபகம் வந்தார்கள்.

இங்கே சிக்னல் இல்லை. நாளை கூப்பிட வேண்டும்.

ஆறாம் நாள்: பள்ளிக்கூடம்

பிற்பகல் வந்து சேர்ந்தேன். வாட்ச்மேன் புதியவர், வயதில் சின்னவர். நாளைக்குத்தானே கூட்டம் என்றார். கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். திறந்துவிட்டார்.

இடத்துக்குப் போனால் எல்லாம் திரும்பி வரும் என்று சொல்வார்கள். 1975-ல் காடன், பேட்லி என்ற இருவர் கடலில் முக்குளிப்பவர்களை வைத்துச் செய்த சோதனை பிரபலம். தண்ணீருக்கு அடியில் படித்த சொற்கள் தண்ணீருக்கு அடியிலேயே நன்றாக நினைவுக்கு வந்தன, கரையில் படித்தவை கரையில். 2021-ல் அதைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்கு என்ன நடந்தது என்றால், தலைக்கு எதுவும் வரவில்லை, காலுக்கு வந்தது. மாடிப் படியில் ஏழாவது படி கொஞ்சம் உயரம் கூடுதல். நான் யோசிக்காமலே கால் அங்கே உயர்ந்து வைத்தது.

எங்கள் அறை திறந்தே இருந்தது. எவ்வளவு சின்ன அறை! ஜன்னல் கம்பி என் நெஞ்சு உயரத்துக்குத்தான் இருக்கிறது, அப்போது எட்டிப் பிடித்துத் தொங்குவோம். பெஞ்சுகளையெல்லாம் ஒரு மூலையில் அடுக்கிவிட்டார்கள். போர்டில் யாரோ கூட்டல் கணக்கு ஒன்றைப் பாதியில் விட்டிருந்தார்கள்.

ஐந்து வருடம் இந்தக் கட்டடத்தில் இருந்த நான், அறையின் பின்பக்கச் சுவர் வரை ஒரு நாளும் போனதில்லை. என் இடம் முதல் வரிசை. இன்றைக்குப் போய், கடைசி பெஞ்சு இருந்த இடத்தில், இடது ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன். இடது கையால் எழுதுகிறவன் இடது ஓரத்தில்தான் உட்காருவான், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவன் முழங்கையில் இடிக்கும்.

அங்கிருந்து பார்த்தால் நடுவில் தூண். போர்டில் பாதி தெரியவில்லை.

வலது ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். முழுப் போர்டும் தெரிந்தது.

அங்கேயே உட்கார்ந்து மலைக்கு போன் போட்டேன். 23-ம் எண்ணின் பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கம் பூவாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"யார் சொன்னா?"

"டீச்சர். அவனை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு தெரியல, அதான் உன்கிட்ட..."

"எதுக்குக் கண்டுபிடிக்கணும்? மாசத்துக்கு ஒரு தடவை பேசறோம். என் கல்யாணத்துக்கு அவன்தான் கூட நின்னான்."

"அன்னைக்கு ஏன்டா சொல்லல?"

"நீ போட்டோவைக் காட்டி இதுல யாரைத் தெரியுதுன்னு கேட்டே. அவன் அதுல இல்லையே. இவ்வளவுதானான்னு கேட்டேன். ஆமான்னு சொன்னே."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. தூணைப் பற்றிச் சொன்னேன். எங்கே உட்கார்ந்து பேசுகிறேன் என்றும் சொன்னேன். நாளைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வர முடியுமா என்று கேட்டேன். நான் பரீட்சையே எழுதல, நான் எப்படி அந்த வகுப்புன்னு அவன் சொல்லுவான் என்றான். நாற்பத்திரண்டு பேர் வகுப்பு என்று லீடரே சொன்னதாகச் சொல் என்றேன்.

"கேட்டுப் பார்க்கறேன். வந்தா ரெண்டு பேரும் வருவோம், இல்லன்னா இல்ல. முதல் பஸ்ஸைப் பிடிச்சாத்தான் வர முடியும்." வைக்கப் போனவன் மறுபடி கேட்டான். "பெஞ்செல்லாம் இருக்கா?"

"மூலையில அடுக்கி வச்சிருக்காங்க."

"சரி" என்று வைத்துவிட்டான்.

வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். அடுக்கின் மேலே ஏறி, இரண்டு பேருமாக ஒரு பெஞ்சை இறக்கித் தூணுக்குப் பின்னால், சுவரை ஒட்டிப் போட்டோம். ஒரு கால் ஆடியது. அட்டையை மடித்துக் கீழே கொடுத்தார். இப்போது ஆடவில்லை.